மனச்சோர்வுக்குக் காந்தச் சிகிச்சை: நாம் அறிந்திருக்க வேண்டியவை

“டொக்டர், இரண்டு விதமான குளிசை போட்டுப் பாத்தாச்சு. மனம் இன்னும் தெளியேல்லை. காந்தம் வைச்சுச் சுகமாக்கலாமாம், உண்மையோ?” மில்லிக்கன் சுற்றாடலில் வாழும் எமது மக்களிடமிருந்து குடும்ப வைத்தியர்களாகிய எமக்கு இப்படியான கேள்விகள் வருகின்றன. கூடவே, “தலைக்குக் கரண்ட் வைக்கிறதோ?” என்ற பயமும் வருகிறது. இரண்டுக்கும் இங்கே விளக்கம் தருகிறோம்.

மனச்சோர்வு என்ன செய்கிறது?

பிறரின் முகத்தையும் குரலையும் கொண்டு அவர்களின் மனநிலையை அறிவது மூளையின் அன்றாட வேலை. மூளையின் உட்பகுதியில் வாதுமைப் பருப்பளவில் உள்ள அமிக்டலா, ஆபத்தையும் துயரத்தையும் கண்டதும் மணியடிக்கிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மடல், “பயப்பட ஒன்றுமில்லை” என்று அதை அமைதிப்படுத்துகிறது. மனச்சோர்வில் இந்தச் சமநிலை குழம்பி விடுகிறது.

அதனால் சாதாரண முகமும் நோயாளிக்குக் கவலை முகமாக, கோப முகமாகத் தெரியக்கூடும். வேலை முடிந்து களைத்து வந்த கணவன் பேசாமல் இருந்தால் மனைவிக்கு அது வெறுப்பாகப் படுகிறது. பேரப்பிள்ளை அறைக் கதவைச் சாத்தினால், “என்னை ஒருத்தருக்கும் வேண்டாம்” என்று அம்மம்மா முடிவு கட்டுகிறார். வீட்டார் இதைப் பிடிவாதம் என்று கண்டிக்கிறார்கள். உண்மையில் இது நோயின் அறிகுறி.

எம்மில் பலர் போரிலிருந்து தப்பி வந்தவர்கள். ரொறன்ரோத் தமிழரிடையே நடத்தப்பட்டு 2003 இல் வெளியான ஆய்வொன்று, 12 வீதமானோருக்கு நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் இருந்ததாகக் கூறியது. அத்தகைய மனவடுவுடன் மனச்சோர்வும் சேர்ந்து வருவது வழக்கம்.

காந்தம் எப்படி வேலை செய்கிறது?

1985 இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் அந்தோனி பார்க்கரும் அவரது குழுவினரும் இம்முறையை முதலில் செய்து காட்டினர். தலைக்கு மேல் வைக்கப்படும் கம்பிச்சுருளில் மின்சாரம் பாயும்போது காந்தப்புலம் உண்டாகிறது. அது மண்டையோட்டைக் கடந்து, கீழே உள்ள மூளை நரம்புகளை மெல்லத் தூண்டுகிறது. மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் இடது முன்மடலே தூண்டப்படுகிறது.

நோயாளி விழித்தபடி கதிரையில் இருப்பார். மயக்க மருந்து இல்லை. முதலில் கைப் பெருவிரல் துடிக்கும் அளவைப் பார்த்து, அவருக்கேற்ற வலுவைத் தீர்மானிப்பார்கள். டிக், டிக் என்ற சத்தம் கேட்கும். காதுக்கு அடைப்பான் தருவார்கள். முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். எமது மக்கள் பயப்படும் மின்னதிர்ச்சிச் சிகிச்சை வேறு. அதுவும் மயக்க மருந்து கொடுத்து, கடுமையான நோய்க்குப் பாதுகாப்பாகச் செய்யப்படும் சிகிச்சையே.

கனேடிய சுகாதாரத் துறை 2002 இல் காந்தச் சிகிச்சையை அனுமதித்தது. ரொறன்ரோவிலும் வன்கூவரிலும் 414 நோயாளிகளிடம் செய்யப்பட்ட ஆய்வு 2018 இல் லான்செட் சஞ்சிகையில் வெளியானது. இவர்கள் குளிசைகளால் போதிய பலன் பெறாதவர்கள். அதுவரை 37 நிமிடம் எடுத்த சிகிச்சைக்கு 3 நிமிடச் சிகிச்சை குறைந்ததல்ல என்று அந்த ஆய்வு காட்டியது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு அறிகுறிகள் பாதிக்கு மேல் குறைந்தன. மூன்றில் ஒருவர் வரையில் நோய் நீங்கும் நிலையை அடைந்தனர். மறுபாதிப் பேருக்கு அந்த அளவு பலன் கிடைக்கவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. குணமானவர்களுக்கும் நோய் திரும்பி வரலாம்.

கட்டாயம் சொல்ல வேண்டியது

தலையிலோ கழுத்திலோ செல் துண்டு இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். காந்தத்தால் உலோகம் அசையலாம், சூடாகலாம். முப்பது வருடத்துக்கு முந்திய காயம் என்று விட்டுவிட வேண்டாம். சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம். காலிலோ முதுகிலோ உள்ள துண்டு பெரும்பாலும் தடையாகாது, ஆனாலும் சொல்லுங்கள். வலிப்பு நோய், காதினுள் பொருத்திய கருவி, மூளை இரத்தக்குழாயில் போட்ட கிளிப், இதயத் துடிப்புக் கருவி ஆகியவற்றையும் மறைக்காதீர்கள்.

தலையிடியும் உச்சந்தலை நோவும் பொதுவான பக்கவிளைவுகள். வலிப்பு வருவது மிக அரிது.

தொடங்குவதற்கு முன்

இது முதற்படிச் சிகிச்சை அல்ல. உளவளத்துணையையும் குளிசையையும் முறையாகப் பயன்படுத்திய பின்னரே இதைப் பற்றி யோசிப்போம். பாவிக்கும் குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். இணையத்தில் விற்கும் மின்கருவிகளை வாங்கித் தலையில் மாட்டவும் வேண்டாம்.

சிகிச்சை 3 நிமிடமானாலும், வாரத்தில் ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம் போக வேண்டும். மில்லிக்கன் நிலையத்தில் கோ ரயில் ஏறி யூனியனில் இறங்கி வைத்தியசாலைக்குப் போய்த் திரும்பும் நேரத்தையும், உங்கள் வேலை ஷிப்டையும், கூட வரக்கூடியவரையும் முதலே திட்டமிடுங்கள். குடும்ப வைத்தியரின் கடிதத்துடன் போங்கள். கட்டணம் உண்டா, எவ்வளவு என்பதை ஆரம்பத்திலேயே கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் கேளுங்கள். பிள்ளைகளை வைத்து மனக்கஷ்டத்தை மொழிபெயர்க்க வைப்பது நல்லதல்ல.

உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் எந்தச் சிகிச்சைக்காகவும் காத்திருக்க வேண்டாம். 2023 நவம்பர் முதல் கனடா முழுவதும் 988 என்ற இலக்கத்தை இரவு பகலாக அழைக்கலாம். அங்கே ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பேசுவார்கள். உடனடி ஆபத்து என்றால் 911.

வீட்டில் ஒருவர் எல்லோரையும் தவறாக விளங்கிக்கொள்கிறார் என்றால், வாதாடுவதற்கு முன் அவரை ஒருமுறை வைத்தியரிடம் அழைத்து வாருங்கள்.