குழந்தைகளுக்கு வலிப்பு: மூளை ஸ்கேன் இயல்பாக இருந்தால் நோய் இல்லையா?

புதுதில்லி: வலிப்பு வந்த குழந்தையின் மூளை ஸ்கேன் அறிக்கை இயல்பாக இருந்தால், நோயே இல்லை எனக் கருதி மருந்தை நிறுத்திவிடும் பெற்றோர் உண்டு. திடீரென மருந்தை நிறுத்துவது வலிப்பை மேலும் தீவிரமாக்கக்கூடும்.

வலிப்பு நோயை உறுதிசெய்வது ஸ்கேன் அன்று. காய்ச்சல் போன்ற உடனடிக் காரணமின்றி, 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் இருமுறை வலிப்பு வருவதே பொதுவான அளவுகோல். பெற்றோர் கூறும் விவரம், கைப்பேசியில் பதிவான காணொலி, மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி ஆகியவை இதற்கு உதவுகின்றன. ஸ்கேன் தேடுவது காரணத்தை. மரபணு சார்ந்த பல வலிப்பு வகைகளில் எம்ஆர்ஐ படம் இயல்பாகவே இருக்கும்.

எனினும் இந்தியாவில் ஸ்கேனுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. பன்றி நாடாப்புழுவின் முட்டைகள் அசுத்தமான உணவு, நீர் வழியே உடலுக்குள் சென்று மூளையில் நீர்க்கட்டியாகத் தங்குவது, இங்கு குழந்தைகளின் வலிப்புக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. சைவ உணவு உண்போரையும் இது விட்டுவைப்பதில்லை. ஸ்கேனில் வளையம்போலத் தெரியும் இக்கட்டிகள் ஒருகாலத்தில் காசநோய்க் கட்டிகளாகக் கருதப்பட்டு, மாதக்கணக்கில் தேவையற்ற சிகிச்சை அளிக்கப்பட்டது. காசநோய் அறிகுறி இல்லாதவர்களிடம் காணப்படும் 20 மி.மீ.க்குக் குறைவான ஒற்றைக் கட்டி பெரும்பாலும் புழுக்கட்டியே என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களின் ஆய்வு தெளிவாக்கியது. இவற்றில் பல தாமாகவே மறைந்துவிடுகின்றன.

சிடி ஸ்கேனில் கதிர்வீச்சு உண்டு, எம்ஆர்ஐயில் இல்லை. ஆனால் அசையாமல் படுத்திருக்க வேண்டியிருப்பதால் சிறு குழந்தைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். காய்ச்சலுடன் வரும் எளிய வலிப்புக்கு வழக்கமாக இவ்விரண்டுமே தேவைப்படுவதில்லை.