லண்டன் மணியும் எங்கள் மணியும்

மணிக் குழப்பம் வன்னிக்குப் புதிதல்ல. 1996 மே 25இல் அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. ஒக்டோபர் 26இல் அதில் அரை மணியைப் பின்னே இழுத்தது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த அக்கராயனிலோ பழைய நேரமே ஓடியது. வவுனியாவில் பதினொரு மணியென்றால் அங்கே பத்தரை! 2006 ஏப்ரல் 15இல் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பியபோது, முன்பே அச்சாகியிருந்த கலண்டர்களில் தொழுகை நேரத்தை அரை மணி குறைத்தே பார்க்க வேண்டியிருந்தது. சூரியன் என்னவோ தன் வழியில்தான் போனது.

இன்று அதே குழப்பம் கைபேசிக் கலண்டரில். லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி முன்னே போகும். ஒக்டோபர் கடைசி ஞாயிறு திரும்பும். நமக்கும் அவர்களுக்கும் கோடையில் நாலரை மணி வித்தியாசம், குளிர்காலத்தில் ஐந்தரை. அங்குள்ள பேரப்பிள்ளைகளுக்கு அவர்களது மாலை ஐந்து மணிக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் உம்மம்மா, இங்கே இரவு ஒன்பதரை என்று பதிந்து வைத்தால், ஒக்டோபர் முடிந்ததும் ஒரு மணி நேரம் வீணே காத்திருப்பார்.

பதியும்போது ‘டைம் ஸோன்’ என்ற இடத்தில் லண்டனைத் தெரிவுசெய்து, ஐந்து மணியென்றே போடுங்கள். நமக்குரிய நேரத்தை அதுவே மாற்றிக் காட்டும். ‘ஜிஎம்டி’ என்று போட்டால் கோடையில் பிழைக்கும். பழைய பதிவை அழித்துவிடுங்கள். இல்லையேல் இரண்டு நேரமும் மணியடிக்கும்.