சனிக்கிழமை சம்பளமும் வங்கிப் பணமும்

உட்காருங்கள், டீ வரட்டும். மனை இருக்கிறது, பிளான் அப்ரூவல் வந்துவிட்டது, கடனும் சேங்ஷன் ஆகிவிட்டது என்கிறீர்கள். நல்லது. ஆனால் மொத்தப் பணத்துக்கு வழி இருந்தும், வேண்டிய வாரத்தில் அது கைக்கு வராமல் வேலை நின்றுபோவதுண்டு. அதைத்தான் இப்போதே யோசிக்க வேண்டும்.

வங்கி, முடிந்த வேலையைப் பார்த்துத்தான் பணம் விடும். அவர்கள் இன்ஜினியர் வந்து பார்த்து, ரிப்போர்ட் கொடுத்து, பணம் கணக்கில் ஏறச் சில நாள் ஆகும். காண்ட்ராக்டரோ முன்கூட்டியே கேட்பார். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை சம்பளம் கொடுத்தாக வேண்டுமே! நடுவில் விழும் இடைவெளியை உங்கள் கைப்பணம்தான் அடைக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். 1,000 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 25 லட்சம். அட்வான்ஸ் 10 சதவீதம், பேஸ்மெண்ட் முடிந்ததும் 20, லிண்டல் மட்டத்தில் 15, தளம் போட 25, பூச்சு முடிந்ததும் 15, டைல்ஸ், பெயிண்டிங் முடிந்ததும் 10, சாவி வாங்கும்போது 5 என்று பிரித்து ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். கடன் 20 லட்சம், உங்கள் பங்கு 5 லட்சம் என்று வையுங்கள். பெரும்பாலும் உங்கள் பங்கை முதலில் போடச் சொல்வார்கள். அட்வான்ஸுக்கும் பேஸ்மெண்டில் பாதிக்குமே அந்த 5 லட்சம் சரியாகிவிடும். அதனால் அதற்கு மேல், ஒரு கட்டத்துக்கான பணமாவது தனியாக இருந்தால்தான் வேலை நிற்காது.

அந்த 25 லட்சத்தில் எதெல்லாம் அடக்கம் என்றும் கேளுங்கள். சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், போர்வெல், ஈபி இணைப்பு ஆகியவை பல நேரம் சதுர அடி ரேட்டில் சேராது. பொருளோடு காண்ட்ராக்ட் விட்டால் ஜிஎஸ்டி 18 சதவீதம். ரேட்டுக்கு வெளியே என்றால் இன்னொரு 4.5 லட்சம். பொருளை நீங்களே வாங்கிக் கூலிக்கு மட்டும் விட்டால், தனி வீட்டுக்கு அந்தக் கூலிமேல் ஜிஎஸ்டி இல்லை.

அதிகம் நெருக்குவது தளம் போடும் கட்டம்தான். சென்ட்ரிங் வாடகை, கம்பி, சிமெண்ட், ஜல்லி, எம்-சாண்ட், ஆள் கூலி எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். மொத்தமாக முன்னால் கொடுத்துவிடாதீர்கள். சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டி முடிந்ததும், உங்களுக்கு வேண்டிய ஒரு இன்ஜினியரைக் கூட்டிப்போய், கம்பியின் கனமும் இடைவெளியும் டிராயிங்படி இருக்கிறதா என்று பார்த்துப் பாதி கொடுங்கள். கான்கிரீட் போட்ட மறுநாள் மீதியைக் கொடுங்கள். காண்ட்ராக்டர் கையில் காசு இல்லை என்றால், கம்பிக் கடைக்கு நீங்களே நேராக அனுப்பிவிட்டு, பில்லை வாங்கி அவர் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

மாதச் செலவில் இன்னொன்று கூடும். வீடு முடியும்வரை வங்கி, விட்ட பணத்துக்கு மட்டும் வட்டி கேட்கும். 5 லட்சம் விட்டிருந்தால், 8.5 சதவீத வட்டியில் மாதம் சுமார் 3,540 ரூபாய். 20 லட்சமும் வந்துவிட்டால் சுமார் 14,170. இருக்கும் வீட்டு வாடகையும் கூடவே ஓடும். வேலை நாலு மாதம் இழுத்தால் என்ன ஆகும் என்று இப்போதே கணக்குப் பார்த்துவிடுங்கள்.

சண்டை வருவது பெரும்பாலும் எக்ஸ்ட்ரா வேலையில். 'இங்கே ஒரு லாஃப்ட் போட்டுடலாமே' என்று வாய்வார்த்தையில் முடியும். கடைசியில் பில் வரும். எவ்வளவு சின்ன மாற்றமானாலும், விலையை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகே வேலை தொடங்கட்டும்.

கடைசி 5 சதவீதத்தைச் சாவி வாங்குமுன் விட்டுவிடாதீர்கள். குழாய் ஒழுகல், கதவு இறுக்கம், டைல்ஸ் அடியில் வெற்றுச் சத்தம் எல்லாம் சரிசெய்ய ஆளை வரவழைப்பது அந்தப் பணம்தான்.

செய்யாத வேலைக்குப் பணம் கொடுக்காதீர்கள். செய்த வேலைக்குச் சனிக்கிழமை தாண்டவிடாதீர்கள். இரண்டையும் காப்பாற்றினால் காண்ட்ராக்டரும் உங்களை மதிப்பார், வேலையும் நிற்காது.