அடுப்பு மூட்டாமல் ஒரு வேளை உணவு: கத்திரி வெயிலுக்குக் காய்கறி பனீர் சாலட்

 

மே முதல் வாரத்தில் கத்திரி வெயில் தொடங்கிவிடும். சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், விருதுநகர் பகுதிகளில் தகரக் கூரையின் கீழ் நண்பகலில் சமைப்பது பெரும் சிரமம். பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளில் வேலை முடித்து வந்து மறுபடியும் அடுப்பருகே நிற்கும் சகோதரிகளும் நம்மிடையே உண்டு. வாரத்தில் இரண்டு நாளாவது ஒரு வேளை அடுப்புக்கு ஓய்வு கொடுக்கலாம்.

இது நமக்குப் புதிதல்ல. பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி செய்கிறோம். கோசுமல்லியும் அடுப்பில்லா உணவுதான். நபி (ஸல்) அவர்கள் வெள்ளரிக்காயைக் கனிந்த பேரீச்சம்பழத்துடன் சேர்த்து உண்டதாக புகாரி, முஸ்லிம் நூல்களில் ஹதீஸ் உள்ளது.

நான்கு பேருக்குத் தேவையானவை

வெள்ளரிக்காய் 2, தக்காளி 2, கேரட் 1, சின்ன வெங்காயம் 8, பனீர் 200 கிராம், எலுமிச்சம்பழம் 1, மல்லித்தழை, மிளகுத்தூள், உப்பு.

செய்முறை

1. காய்களை நறுக்குவதற்கு முன்பே ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுங்கள். கடைசியாகக் காய்ச்சி ஆறிய நீரில் ஒருமுறை அலசுங்கள்.
2. இறைச்சி வெட்டிய கத்தியையும் பலகையையும் அப்படியே பயன்படுத்த வேண்டாம்.
3. காய்களைப் பொடியாக நறுக்குங்கள். கேரட்டைத் துருவுங்கள். பனீரைச் சிறு துண்டுகளாக்குங்கள்.
4. உண்ண அமரும்போதுதான் உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்க்க வேண்டும். முன்பே உப்பிட்டால் நீர் விட்டுக் குழைந்துவிடும்.

தொட்டுக்கொள்ள ரொட்டி அல்லது நனைத்த அவல் போதும். 100 கிராம் பனீரில் ஏறத்தாழ 18 கிராம் புரதம் இருப்பதால் வயிறு நிறையும்.

சீஸ் ஹலாலா?

சிலர் கேட்கும் கேள்வி இது. பனீர், எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பால் திரிக்கப்படுவது, அதில் ஐயமில்லை. சிலவகை சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பதுண்டு. நம் நாட்டில் விற்கும் பாக்கெட்டில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் அது சைவம். விலங்கு ரென்னெட் இராது.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

வேகவைக்காத உணவில் கிருமியைக் கொல்லும் நெருப்பு இல்லை. ஆகவே சுத்தமும் நேரமும்தான் பாதுகாப்பு.

பட்டாசு ஆலையிலிருந்து வருவோர் உடை மாற்றி, நகக்கண் வரை சோப்புப் போட்டுக் கழுவிய பின்னரே காய்களைத் தொட வேண்டும். கையில் ஒட்டிய மருந்துத் தூள் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போய்விடக் கூடாது.

பாக்கெட்டில் வரும் பனீரையே வாங்கி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கடையில் திறந்து வைத்து வெட்டித் தரும் பனீரைப் பச்சையாக உண்ண வேண்டாம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளில் பனீருக்குப் பதில் இரண்டு மணி நேரம் ஊறிய பாசிப்பருப்பைச் சேர்க்கலாம், செலவும் குறையும்.

வெயில் 32 டிகிரியைத் தாண்டினால், கலந்த சாலட் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. எனவே ஆலைக்கு டப்பாவில் கொண்டு போக வேண்டாம். கழுவிய முழு வெள்ளரிக்காய் கொண்டு போகலாம். மீதம் வைத்து மாலையில் உண்பதைவிட, அளவாகச் செய்வதே மேல். வீண் விரயமும் இராது.

வெள்ளரிக்காயில் 95 சதவீதம் நீர்தான். ஆனாலும் தண்ணீர் குடிப்பதைக் குறைக்க வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டே உண்ண வேண்டும்.

உடல்நலம் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். இந்தக் கோடையை நம் குடும்பங்கள் நலமுடன் கடக்க அவன் அருள்புரிவானாக! ஆமீன்.

– செயலாளர்