'100 வரை' என்றால் வீட்டுக்கு எவ்வளவு வரும்?

பிராட்பேண்ட் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி சுற்றுவட்டாரத்தில் ஒரே வீட்டில் ஒருவர் நிலத்தைப் பார்ப்பார், இன்னொருவர் ஷூ கம்பெனிக்குப் போவார். பிள்ளைகள் கல்லூரியில் படிப்பார்கள். உழவன் செயலி, பி.எஃப். கணக்கு, ஆன்லைன் வகுப்பு, மோட்டார் கொட்டகையில் மாட்டிய கேமரா என்று எல்லாவற்றுக்கும் இணையம் வேண்டும். ஜவ்வாது மலை அடிவாரம் போன்ற இடங்களில் செல்போன் சிக்னல் வீட்டுக்கு வீடு மாறும் என்பதால், வீட்டுக்கே இணைப்பு எடுக்க நினைப்பவர்கள் பெருகிவருகிறார்கள்.

ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாகப் பணம் கட்டிவிட்டு, 'சொன்ன வேகம் வரவில்லையே' என்று பிறகு வருந்தினால் பணம் திரும்புவது கடினம். எனவே, விளம்பரத்தில் உள்ள எண்ணுக்கு என்ன பொருள் என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

பிட் வேறு, பைட் வேறு

வேகத்தைச் சொல்லும் 'எம்.பி.பி.எஸ்.', மருத்துவப் படிப்பின் பெயர் போலக் காதில் விழும். இங்கே அதன் பொருள், ஒரு விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்பது. செல்போனில் வீடியோவின் அளவு காட்டப்படுவது மெகாபைட்டில். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆகவே, 40 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு 5 மெகாபைட்தான் இறங்கும். 1 ஜி.பி. படம் இறங்க மூன்றரை நிமிடம் ஆகும். இதைக் குறை என்று நினைக்க வேண்டாம், கணக்கே அப்படித்தான்.

'வரை' என்ற சின்ன சொல்

'100 எம்.பி.பி.எஸ். வரை' என்றால் 100-ஐத் தாண்டாது என்று பொருள். எப்போதும் 100 வரும் என்று பொருள் அல்ல. போர்வெல்லில் 5 எச்.பி. மோட்டார் இருந்தாலும் கடைமடைச் சொட்டுநீர்க் குழாயில் எவ்வளவு சொட்டுகிறது என்பதுதானே பயிருக்குக் கணக்கு? இணையமும் அப்படித்தான். வேகம் மூன்று இடங்களில் குறையும்.

முதலாவது, கம்பி. பழைய தொலைபேசிச் செம்புக் கம்பியில் தூரம் கூடக் கூட வேகம் விழும். தொலைபேசி நிலையத்துக்கு அருகில் 20 மெகாபிட்டுக்கு மேல் கிடைத்தாலும், 5 கி.மீ. தள்ளிப்போனால் 1, 2 என்று இறங்கிவிடும். கண்ணாடி இழைக் கம்பியான ஃபைபரில் இந்தத் தொல்லை கிடையாது.

இரண்டாவது, பங்கு. ஃபைபரிலும் ஒரு கம்பியைப் பல வீடுகள் பகிர்கின்றன. ஒரு ஆபரேட்டர் 1,000 மெகாபிட் வாங்கி, 200 வீடுகளுக்கு '100 வரை' என்று விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பகலில் நன்றாக ஓடும். இரவு 8 மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்தால் வீட்டுக்கு 5 மெகாபிட்தான் கிடைக்கும்.

மூன்றாவது, வீட்டுக்குள் வைஃபை. தடித்த சுவர், கான்கிரீட் தளம் இவற்றைத் தாண்டும்போது அலை வலுவிழக்கும். ரவுட்டரை வாசல் மூலையில் வைக்காமல் வீட்டின் நடுவில், உயரத்தில் வையுங்கள்.

எவ்வளவு போதும்?

தெளிவான வீடியோ ஒன்றுக்கு 5 மெகாபிட் போதும். மூன்று பேர் ஒரே நேரத்தில் பார்த்தாலும் 15 தான். நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு உண்மையிலேயே 30 முதல் 40 வந்தால் தாராளம். கேமரா வைப்பவர்களும் ஆன்லைன் வகுப்பில் பேசுபவர்களும் பதிவேற்ற வேகம் எவ்வளவு என்று தனியாகக் கேட்க வேண்டும். மத்திய அரசின் 2023-ஆம் ஆண்டு வரையறைப்படி, குறைந்தது 2 மெகாபிட் இருந்தால்தான் அதன் பெயரே பிராட்பேண்ட்.

யாரிடம் வாங்குவது?

பி.எஸ்.என்.எல்., ஏர்டெல், ஜியோ, உள்ளூர் கேபிள் ஆபரேட்டர் என்று வழிகள் உள்ளன. 2023-இல் வந்த 'ஏர்ஃபைபர்' கம்பி இல்லாமல் 5ஜி கோபுரத்திலிருந்து வருவது. மலையோ தோப்போ மறைத்தால் வேகம் குறையலாம். 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுசெல்லும் பாரத்நெட் திட்டத்தைத் தமிழகத்தில் 'டான்ஃபிநெட்' நிறுவனம் செய்கிறது. உங்கள் ஊரின் நிலையை ஊராட்சி அலுவலகத்தில் கேட்கலாம்.

எந்த நிறுவனமானாலும், அதே தெருவில் ஏற்கெனவே இணைப்பு உள்ள வீட்டில் இரவு 8 மணிக்கு டிராயின் 'மைஸ்பீட்' செயலியால் சோதித்துப் பாருங்கள். விளம்பரத்தை விட நம்பகமான மதிப்பீடு அதுதான். பிறகு இவற்றைக் கேளுங்கள்:

* எத்தனை ஜி.பி. தாண்டினால் வேகம் குறையும்? குறைந்த பின் எவ்வளவு?
* 18% ஜி.எஸ்.டி. சேர்த்த தொகை என்ன? (500 ரூபாய் திட்டம் 590 ஆகும்.)
* ரவுட்டருக்கு டெபாசிட் உண்டா? திரும்பக் கிடைக்குமா?
* லாரி இழுத்துக் கம்பி அறுந்தால் சரிசெய்ய யார் வருவார்?

பதில்களை எழுத்திலோ வாட்ஸ்அப்பிலோ வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டிப் பார்த்துவிட்டு, பிறகு நீண்ட காலத் திட்டத்துக்கு மாறலாம்.

வாசகர் கேள்விகள்

*கரண்ட் போனால் இணையமும் போகிறதே?*

ஃபைபர் கம்பிக்கு மின்சாரம் வேண்டாம், வீட்டிலுள்ள பெட்டிக்குத்தான் வேண்டும். பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடுபவை. அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட், ஆம்பியர் பார்த்து, பொருத்தமான மினி யு.பி.எஸ். வாங்கி மாட்டினால் போதும். ஆபரேட்டர் பக்கம் மின்சாரம் நின்றால் மட்டும் இது உதவாது.

*சொன்ன வேகம் வரவில்லை. யாரிடம் போவது?*

காலை, மதியம், இரவு என ஒரு வாரம் சோதித்துத் திரைப்படம் எடுத்து வையுங்கள். நிறுவனத்தில் புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவு, அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்பு சேவைக் குறைபாட்டுக்கு அங்கே வழக்குப் போடலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. பில்லையும் புகார் எண்ணையும் பத்திரமாக வைத்திருப்பவர் பக்கமே வழக்கு வலுவாக நிற்கும்.