ஒன்றரை வயசுக் குழந்தையை யார் பார்க்கணும், நர்ஸா டாக்டரா?

குழந்தைக்கு 9 மாச ஊசி போட்டாச்சு. அடுத்த ஊசிக்கு 16 மாசம் ஆகணும். நடுவுல இருக்குற ஏழு மாசம் நிறைய வீடுகள்ல சுகாதார நிலையத்துப் பக்கமே போறதில்ல. காய்ச்சல், சளின்னு வந்தா குழந்தை டாக்டர்கிட்ட ஓடுறாங்க. "நர்ஸம்மாகிட்ட எதுக்குங்க, நாங்க ஸ்பெஷலிஸ்ட்கிட்டயே காட்டுறோமே"ன்னு கேக்குறாங்க. நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனா காய்ச்சலுக்குக் காட்டுறது குழந்தையோட வளர்ச்சியைக் காட்டுறதாகாது.

காய்ச்சலோட போற குழந்தைக்கு டாக்டர் காய்ச்சலைத்தான் பார்ப்பார், அதைத்தான் பார்க்கவும் வேணும். வெளியில டோக்கன் வாங்கிட்டுக் கூட்டம் காத்திருக்கு. எடை போடுறதுகூட மருந்து எவ்வளவு கொடுக்கலாம்னு கணக்குப் பண்ணத்தான். அந்த எடை மூணு மாசம் முன்னாடி எவ்வளவு இருந்துச்சு, குழந்தை கேட்டதை விரல் நீட்டிக் காட்டுதா, பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புதா, இதையெல்லாம் கேக்க அங்க நேரம் கிடைக்கிறதில்ல.

இப்போ புதன்கிழமைக்கு வருவோம். தமிழ்நாட்டுல தடுப்பூசி நாள். கிராம சுகாதார நர்ஸ் ஊசி போடுறதோட நிறுத்திக்கக் கூடாது. செருப்பு, கனமான துணியெல்லாம் கழட்டிட்டுத்தான் எடை பார்க்கணும். 2 வயசு வரைக்கும் உயரத்தைப் படுக்க வச்சுத்தான் அளக்கணும். ஒருத்தர் தலையைப் பலகையில ஒட்டிப் பிடிச்சுக்கணும், இன்னொருத்தர் முட்டியை மெதுவா அழுத்திக் காலை நீட்டணும். குழந்தை கத்தும், உதைக்கும். அதுக்காக நிக்க வச்சு அளந்தா கிட்டத்தட்ட 0.7 செ.மீ. குறைச்சுக் காட்டும். வளராத குழந்தைன்னு தப்பா முடிவு பண்ண அதுவே போதும். அப்புறம் மேல்கையைச் சுத்தி ஒரு நாடா. 12.5 செ.மீ.க்குக் கீழ வந்தா குழந்தை மெலிஞ்சு போகுதுன்னு அர்த்தம். 11.5-க்கும் கீழ போனா கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. அன்னைக்கே மேல அனுப்பணும்.

இதுல எடையைத் தாய் சேய் அட்டையில இருக்குற வரைபடத்துல புள்ளியா வைக்கணும். இந்தப் பரிசோதனையோட உயிரே அந்தப் புள்ளியிலதான் இருக்கு. ஒரு தடவை போட்ட எடையை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. மூணு, நாலு புள்ளியைச் சேர்த்துக் கோடு போட்டா, அது ஏறுதா மட்டமா ஓடுதான்னு தெரியும். பார்க்க கொழுகொழுன்னு இருக்குற குழந்தைக்குக்கூட கோடு மட்டமா ஓடும். அங்கதான் நர்ஸ் உக்கார்ந்து பேசணும். எத்தனை வேளை சாப்பாடு, பாட்டில் பால் எவ்வளவு, யார் ஊட்டுறாங்க? நீங்க கர்ப்பமா இருந்தப்பவே உங்க பேரைப் பதிஞ்சவங்க அவங்கதான். பிறந்தப்போ குழந்தை எவ்வளவு எடை, நீங்க வேலைக்குப் போனா யார் பார்த்துக்கிறாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். வாரம் ரெண்டு தடவை கொடுக்கச் சொன்ன இரும்புச்சத்து சிரப் அலமாரியிலயே இருக்கான்னும் கேப்பாங்க. அதைக் குடிச்சா மலம் கறுப்பாப் போகும், பயந்து நிறுத்திடுறோம். அது இரும்பால வர்ற நிறம், பயப்பட வேண்டியதில்ல.

நர்ஸ் டாக்டர் அளவுக்குப் பார்ப்பாங்களான்னு சந்தேகம் வரலாம். காக்ரேன் அமைப்பு 2018-ல ஒரு ஆய்வுத் தொகுப்பு வெளியிட்டுச்சு. முதல்நிலை சிகிச்சையில டாக்டருக்குப் பதிலா பயிற்சி எடுத்த நர்ஸ் பார்த்தா பலன் கிட்டத்தட்ட அதே அளவுல, சில விஷயத்துல கொஞ்சம் மேலாவே இருந்துச்சு. நர்ஸுங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் கூடுதல் நேரம் பேசினாங்க. அது குழந்தைகளுக்குன்னு தனியா பண்ணின ஆய்வு இல்ல, ஆனாலும் அந்தக் கூடுதல் நேரம்தான் இங்க முக்கியம். இங்கிலாந்துல 2 வயசுப் பரிசோதனை நர்ஸ் தரப்போட வேலை. ஜெர்மனியில அதே வயசுல டாக்டர் பார்க்குறார். எந்த மாசம் பார்க்கணும்னு முன்கூட்டியே தீர்மானிச்சு வச்சது மட்டும் ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான்.

நம்ம ஊர்ல குறையே இல்லைன்னு சொல்ல மாட்டேன். சமவெளியில 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம்னு கணக்கு. அதுல ஊசி, கர்ப்பிணிகள், பதிவேடு, கணினிப் பதிவுன்னு எல்லாமே அந்த நர்ஸ் தலையிலதான். அதனால ஊசி போட்டதும் "அடுத்த மாசம் வாங்க"ன்னு அனுப்புறதும் நடக்குது, வரைபடம் காலியாவே இருக்கு. இது திறமைக் குறைவு இல்ல, ஆள் குறைவு. அரசாங்கம் சரிபண்ண வேண்டியது.

டாக்டர்தான் பார்த்தாகணும்னு இருக்குறதையும் சொல்லிடுறேன். போட்டோவுல ஒரு கண் பாப்பா மட்டும் வெள்ளையாத் தெரிஞ்சா, ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீங்க. கண்ணுக்குள்ள புற்றுநோயாக்கூட இருக்கலாம். பால் குடிக்கும்போதோ ஓடும்போதோ மூச்சு வாங்கினா, இதயத்துச் சத்தத்தைக் கேட்டுப் பிரிச்சுச் சொல்ல டாக்டர் வேணும். ஆண் குழந்தைக்கு 6 மாசம் தாண்டியும் விரை கீழ இறங்கலைன்னா, 18 மாசம் ஆகியும் தனியா நடக்கலைன்னா, 16 மாசத்துல ஒரு வார்த்தையும் இல்லைன்னா, 2 வயசுல ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லலைன்னா, டாக்டர்கிட்ட காட்டணும். பேசிக்கிட்டிருந்த குழந்தை பேச்சை நிறுத்திடுச்சுன்னா வயசே பார்க்க வேண்டாம். "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும், அவங்கப்பாவும் அப்படித்தான்"னு வீட்டுப் பெரியவங்க சொல்வாங்க. பாசத்துல சொல்றதுதான். ஆனா காது கேக்காத குழந்தைக்கு அந்த ஒரு வருஷம் திரும்பக் கிடைக்காது.

நர்ஸ், டாக்டர் ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்குற மாதிரி 2013-ல ஆர்.பி.எஸ்.கே.ங்கிற குழந்தைகள் சுகாதாரத் திட்டம் வந்துச்சு. டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர் இருக்குற குழு வருஷத்துக்கு ரெண்டு தடவை அங்கன்வாடிக்கு வரணும். பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம்னு நாலையும் பார்த்து, தேவைன்னா மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்புவாங்க. காசு கிடையாது. தனியார் டாக்டர்கிட்ட காட்டுற குழந்தையும் தாராளமா வரலாம்.

16 மாச ஊசிக்குப் போறப்போ அங்கன்வாடிக்கு அந்தக் குழு வர்ற தேதியை நர்ஸ்கிட்டயே கேட்டு அட்டையில எழுதி வாங்கிக்கோங்க. வரைபடத்துல அன்னைக்கு எடைக்கான புள்ளி விழுந்துச்சான்னு பார்த்துட்டுக் கிளம்புங்க. அடுத்த தடவை காய்ச்சலுக்கு டாக்டர்கிட்ட போனாலும் அந்த அட்டையைக் கையோட எடுத்துட்டுப் போய் அவர் மேஜையில விரிச்சு வைங்க.