வீட்டில் வறுத்த மியூஸ்லி: சீனி குறைந்த காலைப் பசியாறல்

விடியுமுன் எழுந்து, மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்பவரா நீங்கள்? அல்லது பாசிர் கூடாங்கில் காலை ஷிப்டா? அப்படியென்றால் உங்கள் பசியாறல் பெரும்பாலும் ஒட்டுக்கடை ரொட்டி சானாயும் தே தாரிக்குமாக இருக்கும். சில நாள் அதுவும் இருக்காது.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. காலையில் என்ன சாப்பிடுகிறோம் என்பதைக் கவனிக்க இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

பேரங்காடியில் விற்கும் மியூஸ்லி எல்லாம் சத்தானது என்று நினைத்துவிடாதீர்கள். பெட்டியின் பின்புறம், சேர்த்த பொருள்களை அதிக எடையிலிருந்து குறைந்த எடைக்கு வரிசையாக எழுதியிருப்பார்கள். சீனி (மலாயில் 'குலா'), குளுக்கோஸ் சிரப், தேன் இவற்றில் ஏதேனும் முதல் மூன்று இடங்களுக்குள் இருந்தால், அதை அதே இடத்தில் வைத்துவிடுங்கள். 1900ஆம் ஆண்டையொட்டி சுவிட்சர்லாந்து மருத்துவர் பிர்ச்சர்-பென்னர் தம் நோயாளிகளுக்குக் கொடுத்த மியூஸ்லியில் துருவிய ஆப்பிள்தான் அதிகம். ஊறவைத்த ஓட்ஸ் கொஞ்சம்தான். பெட்டியில் வருவது அதிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டது.

செய்முறை

தட்டை ஓட்ஸ் 3 கப், நிலக்கடலை அரை கப், பூசணி விதை கால் கப், உலர்ந்த தேங்காய்த் துருவல் கால் கப், உலர்திராட்சை கால் கப், எண்ணெய் 1 மேசைக்கரண்டி, தேன் 1 மேசைக்கரண்டி, சிறிது பட்டைத்தூள். சுமார் பத்துப் பேருக்கு வரும். உடனடி ஓட்ஸ் வேண்டாம், வறுத்தால் பொடியாகிவிடும்.

கடலையை முதலில் பொறுக்குங்கள். பூஞ்சணம் பிடித்தது, நிறம் மாறியது, சுருங்கியது எதையும் சேர்க்காதீர்கள். அதில் உண்டாகும் அஃப்லாடோக்சின் என்னும் நச்சு கல்லீரலைக் கெடுக்கும். வறுப்பதால் அது அழிந்துவிடாது.

அவன் தேவையில்லை. கனமான சட்டியில் சிறு தீயில் கடலையை வறுத்துத் தனியே எடுங்கள். எண்ணெயும் தேனும் பிசறிய ஓட்ஸை அதே சட்டியில் போட்டு, கை ஓயாமல் பத்து நிமிடம் கிளறுங்கள். வாசனை வந்து இளம் பொன்னிறம் ஆனதும் விதைகளையும் தேங்காயையும் சேர்த்து இரண்டு நிமிடம் வறுங்கள். தேங்காய் சீக்கிரம் கருகும் என்பதால்தான் கடைசியில். அடுப்பை அணைத்த பிறகே கடலை, பட்டைத்தூள், திராட்சை. சூட்டில் திராட்சை கல்லாகிவிடும்.

அகலத் தட்டில் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். சூட்டோடு புட்டியில் அடைத்தால் ஆவி நீராகி, மியூஸ்லி நமுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத புட்டியில் வைத்து இரண்டு வாரத்திற்குள் முடித்துவிடுங்கள். சிக்கு வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

எவ்வளவு சாப்பிடலாம்?

ஒருவருக்கு 40 கிராம், அதாவது ஏறக்குறைய அரை கப். அதில் சுமார் 200 கலோரி உண்டு, ஆகவே கிண்ணம் நிறையக் கொட்டிக்கொள்ளக் கூடாது. சீனி சேர்க்காத தயிர் அல்லது கொழுப்புக் குறைந்த பாலுடன், பப்பாளி அல்லது கொய்யாத் துண்டுகள் போட்டுச் சாப்பிடுங்கள். கெட்டிப்பால் ஊற்றினால் வீட்டில் செய்த பயனே போய்விடும். ஓட்ஸிலுள்ள பீட்டா குளுக்கான் என்னும் நார்ச்சத்து நாளொன்றுக்கு 3 கிராம் கிடைத்தால் கெட்ட கொலஸ்ட்ரால் குறைய உதவும். இந்த ஒரு பங்கில் ஏறக்குறைய 1 கிராம் கிடைக்கும்.

ஓட்ஸும் மாவுச்சத்துதான். நீரிழிவு உள்ளவர்கள் திராட்சையையும் தேனையும் விட்டுவிடலாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சீனியைச் சோதித்துப் பாருங்கள். மருந்தையோ இன்சுலினையோ நீங்களாகக் குறைக்க வேண்டாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் கடலை, விதை, உலர்பழம் சேர்க்குமுன் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கின் உணவுமுறை அதிகாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது. சிறு பிள்ளைகளுக்கு முழுக் கடலை தொண்டையில் சிக்கும், பொடித்துச் சேருங்கள்.